தேர்க்காளைகளும் அவற்றைப் பேணுவோரும்

தைப்பூசத்தையொட்டித் தலைநகர் ஸ்ரீ மகா மாரியம்மன் திருக்கோயிலிலிருந்து பத்துமலைக்கு முருகப்பெருமான் எழுந்தருளும் வெள்ளி இரதம் 1983-ஆம் ஆண்டு முதல் பவனி வருகின்றது. அதன் அழகைப் போற்றாத மெய்யன்பர் இல்லை. இரதத்தில் பூட்டிய காளைகளைத் தேர்ந்து பழக்கியவர் யாரென்று வினவியோரோ மிகச் சிலர்.

தேருக்கேற்ற காளை எளிதில் அமைவதன்று. திமிலும் கொம்பும் எடுப்பாக இருந்தால் மட்டும் போதாது. உறுமி மேளத்துக்கும் விளக்கொளிக்கும் நெருக்கும் கூட்டத்துக்கும் மிரளாத சாந்தம் வேண்டும். இணை இரண்டும் உயரத்திலும் நடையிலும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் நுகத்தடி கழுத்தைப் புண்ணாக்கும். தார்ச்சாலையில் லாடமும் விரைவில் தேயும்.

தமிழகத்தில் காங்கேயம் இனத்தைப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தலைமுறைகளாகப் பேணிப் புகழ்பெற்றனர். அவ்வினக் கன்று செந்நிறமாய்ப் பிறந்து, ஆறு மாத அளவில் சாம்பல் நிறம் கொள்ளும். இங்கும் தோட்டத்து லயங்களின் பின்புறம் தமிழர் மாடு வளர்த்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறவே, மேய்ச்சல் நிலமும் சுருங்கியது.

காளை பூட்டுவது வதை என்போர் கூற்றைப் புறந்தள்ளலாகாது. காளை பூட்டும் ஆலயங்கள் வழிநெடுக மாற்று இணைகளையும், நீரையும், மருத்துவரையும் ஆயத்தமாக வைத்தல் கடமை. மின்விளக்கு அலங்காரத்துக்கு வாரி வழங்கும் புரவலர்கள் ஓர் இணைக் காளையின் ஆண்டுத் தீவனச் செலவை ஏற்கலாம். விழா மேடையில் பிரமுகர்களுக்குப் போர்த்தும் பொன்னாடைகளுள் ஒன்றை மாட்டுக்காரருக்கும் போர்த்தலாம், பிரமுகர்கள் கோபிக்கமாட்டார்கள்.