மலைச் சாலைக்குத் தார் போடுவதை நாம் எதிர்க்கவில்லை

ஜவ்வாது மலையில் நாம் பல ஆண்டுகளாகக் கிராவல் சைக்கிள் ஓட்டிவரும் மண் சாலைகளில் ஒன்றைத் தார்ச்சாலையாக்கும் திட்டம் குறித்தும், அதை நிறுத்தக் கோரி அண்மையில் கொடுக்கப்பட்ட மனு குறித்தும் நம் சைக்கிள் கழகத்தின் செயற்குழு கூடி விவாதித்தது. மனு எப்படி உருவானது, யார் யார் கையெழுத்திட்டார்கள், அதன்பின் வாட்ஸ்அப் குழுவில் என்னென்ன பேசப்பட்டன என்பதெல்லாம் உறுப்பினர்கள் அறிந்ததே. திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்தச் சாலையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த வாரமே யாராவது அங்கே கூட்டம் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

மலைக்கிராமங்களுக்குச் செல்லும் எந்தச் சாலையையும் சீரமைப்பதையோ, அதற்குத் தார் அல்லது கான்கிரீட் போடுவதையோ நம் கழகம் எதிர்க்காது. அந்த மனு கழகத்தின் மனு அல்ல. அதில் கழகத்தின் சின்னத்தைப் பயன்படுத்த எவருக்கும் அனுமதி தரப்படவில்லை.

மனு அந்தச் சாலையைப் பாரம்பரியம் என்கிறது. யாருடைய பாரம்பரியம்? நாம் அங்கே போவது டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, மழை ஓய்ந்து மண் இறுகிக் கிடக்கும் மாதங்களில், 40 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு. அக்டோபர், நவம்பரில் அந்த வழி எப்படி இருக்கும் என்பதை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் மேட்டுத் தண்ணீர் சாலையின் நடுவிலேயே வாய்க்கால் பறித்துக்கொண்டு ஓடுகிறது. மண் கரைந்து, அடியில் கிடந்த கல்லெல்லாம் மேலே வந்துவிடுகிறது. ஏற்றத்தில் ஜீப்பின் சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே நிற்கும். ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். சாமை மூட்டையும் புளியும் பலாவும் சந்தைக்கு இறங்குவது அந்த வழியில்தான். பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதும் அந்த வழியில்தான்.

மலையில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் டோலி கட்டுகிறார்கள். ஒரு மூங்கில் கழி, அதில் தொட்டிலாகக் கட்டிய போர்வை, சுமக்க இரண்டு பேர், மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு பேர். இறக்கத்தில் முன்னால் போகிறவர் கழியைக் கையால் உயர்த்திப் பிடிக்க வேண்டும், பின்னால் வருகிறவர் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் சரிந்துவிடுவார். கால் வைக்கும் இடமெல்லாம் உருளும் கல். நாம் ரசித்து ஓட்டுவதாகச் சொல்லிக்கொள்கிற அதே கல்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், அதற்குமேல் சாலை இல்லை என்று பாதியில் இறக்கிவிட்டது. மீதித் தொலைவைத் தாய் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்தே கடந்தார். அதுவும் நாம் ஓட்டும் இதே ஜவ்வாது மலைத்தொடர்தான். அந்தச் செய்தியைப் படிக்காதவர் நம் கழகத்தில் யாரும் இருக்க முடியாது. படித்துவிட்டும் இந்த மனுவில் கையெழுத்துப் போட எப்படி மனம் வந்தது?

மனுவைக் கொண்டுவந்தவர்களின் நோக்கம் தவறானது என்று கழகம் கருதவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும் எனச் செயற்குழுவில் சிலர் கேட்டுக்கொண்டனர். அதன்படியே பதிவு செய்கிறோம். எனினும், அந்தச் சாலையில் அன்றாடம் நடப்பவர் ஒருவரிடம்கூடக் கலந்து பேசாமல் அந்த மனு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறோம்.

மனுவில் இத்தாலியின் டஸ்கனி உதாரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. சியேனாவைச் சுற்றிய குன்றுகளில் ஓடும் வெள்ளைச் சாலைகள் தார்ச்சாலைகளாகிவிடக் கூடாது என்று ஜியான்கார்லோ புரோச்சி 1997-இல் கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரிலிருந்து 'லெரோயிகா' சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். 2007-இல் அதே சாலைகளில் தொழில்முறைப் பந்தயமும் தொடங்கியது. இன்றைக்கு அது சைக்கிள் உலகின் பெரும் பந்தயங்களில் ஒன்று. இதெல்லாம் உண்மை, நாமும் கொண்டாடுகிற உண்மை. ஆனால் அந்த வெள்ளைச் சாலைகளில் காரும் டிராக்டரும் தடையில்லாமல் போகின்றன. சரளை கொட்டிச் சமன்படுத்தி, பராமரிப்போடு இருக்கும் சாலைகள் அவை. ஆஸ்பத்திரிக்குப் போக அங்கே யாரும் டோலி கட்டுவதில்லை. தார் வேண்டாம் என்று சொன்ன புரோச்சி அந்த வட்டாரத்துக்காரர். இங்கே அதைச் சொல்வது யார்? சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு வந்து, மாலைக்குள் தார்ச்சாலை வழியாகவே வீடு திரும்புகிறவர்கள்.

தார் என்று ஒன்றை ஊற்றிவிட்டாலே போதும் என்றும் கழகம் சொல்லவில்லை. பக்க வடிகாலும் சிறுபாலமும் இல்லாமல் மேலாக ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போனால், ஒரே மழைக்காலத்தில் ஓரம் அரித்து ஜல்லி பெயர்ந்துவிடும். பெயர்ந்த தார்ச்சாலை மண் சாலையைவிட மோசம். செங்குத்தான வளைவுகளில் கான்கிரீட் வேண்டும், தண்ணீர் சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் குழாய்ப் பாலம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் மனு கொடுத்தால், அதில் முதல் கையெழுத்து நம்முடையதாக இருக்கும்.

மரங்கள் குறித்து உறுப்பினர்கள் சிலர் எழுப்பிய ஐயம் நியாயமானது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது: கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலை போன்ற வசதிகளுக்கு ஒதுக்கலாம். பேசவேண்டிய இடம் கிராம சபை. அங்கே நமக்கு வாக்கு இல்லை, இருக்கவும் கூடாது.

காப்புக்காட்டுக்குள் போகும் தடங்கள் வேறு விஷயம். அவை யாருக்கும் ஊர்ச்சாலை அல்ல. அவற்றை அகலப்படுத்துவதைக் கழகம் பொதுவாக ஆதரிக்காது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபின் காட்டுக்குள் நடப்பதற்கே விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளும் நடப்பவர்களுக்கானவை. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் சைக்கிள் இறக்குவதைக் கழகம் ஏற்காது. உள்ளூர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. பிடிபட்டால் நாம் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவோம், அவர் பெயர் பதிவேட்டில் நின்றுவிடும். 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தனர். காட்டில் பிடிபட்டான் என்ற பேச்சு ஒரு மலைவாசி இளைஞனை என்ன செய்யும் என்று நாம் விளக்கத் தேவையில்லை.

மலைத்தடங்களின் ஜிபிஎஸ் கோப்புகளைப் பொதுவெளியில் பகிர்வது குறித்து ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. தற்போதைக்கு, இயன்றவரை தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கட்டணம் வாங்கி நடத்தும் பயணங்களுக்கு ஊராட்சியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இனிக் கட்டாயம்.

தார் போட்டால் நமக்கு ஒரு நல்ல வழி போய்விடும். அதில் எங்களுக்கும் வருத்தம் உண்டு. கழகத்தின் முதல் மலைப்பயணங்கள் நடந்த சாலை அது. அந்த வருத்தத்தை மனுவாக்கிக்கொண்டுபோய்க் கொடுக்க நமக்கு உரிமை இல்லை என்பதே செயற்குழுவின் பெரும்பான்மை முடிவு.

மனுவில் கையெழுத்திட்ட உறுப்பினர்கள் ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்துக்கு முன்பாகத் தங்கள் பெயரை எழுத்து மூலம் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்கான கடித வரைவு செயலாளரிடம் இருக்கிறது. சாலையை ஆதரித்துக் கழகம் எழுதும் கடிதம் தனியாக ஊராட்சிக்கு அனுப்பப்படும். ஊர்க்காரர்கள் சம்மதம் தெரிவிக்கும்வரை அந்தச் சாலையில் கழகத்தின் பயணங்கள் எதுவும் நடைபெறாது.