வாத்து தின்ற தானியம்

1738இல் பாரிஸ் நகரத்துச் சீமான்கள் தலைக்கு 3 லிவ்ர் கட்டணம் கொடுத்து, ஒரு மரப்பொம்மை புல்லாங்குழல் வாசிப்பதைப் பார்க்கப் போனார்கள். உள்ளே இசைப்பெட்டி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. துருத்திகள் காற்றை அனுப்ப, உதடு குவிய, விரல்கள் துளைகளை மூடித் திறக்க, 12 பாட்டுகளை அது நிஜமாகவே வாசித்தது. மரவிரல் துளையைச் சரியாக அடைக்காததால் அதற்குத் தோலுறை மாட்டியிருந்தார், பொம்மையைச் செய்த ழாக் வோகான்சோன்.

அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த வாத்து அந்தக் குழல்காரனையே மறக்கடித்தது. முலாம் பூசிய செப்பு வாத்து. கழுத்தை நீட்டித் தானியம் கொத்தும், தண்ணீர் குடிக்கும், இறக்கையடிக்கும், கடைசியில் எச்சமும் போடும். அந்தக் கடைசி வித்தைக்குத்தான் கூட்டம். தானியம் வயிற்றில் கரைந்து செரிக்கிறது என்றார் வோகான்சோன். அது சுத்தப் பொய். தின்றது உள்ளேயே தங்கிவிடும். வெளியே வந்தது முன்கூட்டியே திணித்துவைத்த, பச்சைச் சாயமேற்றிய ரொட்டித்தூள். நூறு வருஷம் கழித்து, வாத்தைப் பழுதுபார்க்கக் கிடைத்த வாய்ப்பில் இதைக் கண்டதாக எழுதிவைத்தவர் ரொபேர்-ஊதேன். அவரே ஒரு மேடை மந்திரவாதி. பாம்பின் கால் பாம்பறியும். இறக்கையை எலும்பு எலும்பாகப் பார்த்துச் செய்த கைகளுக்கு இந்தப் புளுகு தேவைப்பட்டதுதான் வேடிக்கை.

1741இல் பிரெஞ்சு அரசு இந்தப் பொம்மைக்காரரைப் பட்டுத் தொழிலுக்கு மேற்பார்வையாளராக்கியது. 1744இல் அவர் வகுத்த புதிய விதிகளை எதிர்த்து லியோன் நகரத்து நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். துறவி வேஷத்தில் தப்பியோடினார் என்பார்கள். பயனற்ற வாத்துக்குக் காசு கொடுத்த நாடு பயனுள்ள சீர்திருத்தத்தைத் துரத்தியடித்தது என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். வாத்து யார் சோற்றிலும் கைவைக்கவில்லை. அந்த விதிகள் வைத்தன. ஒரு வருஷத்துக்குள் அவர் தானியங்கித் தறி ஒன்றைச் செய்தார். பூப்போட்ட பட்டைக் கழுதைகூட நெய்யும் என்று காட்டுவதற்காக, கழுதையைக் கட்டியே ஓட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. மேதைக்கும் மனசு புண்படும்.

தறி எடுபடவில்லை. அதில் அவர் கையாண்ட, துளைகளைக் கொண்டு இழைகளை ஆளும் யோசனையும் அவருடையது மட்டுமல்ல. 1725இலேயே லியோனில் பஸீல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பூட்டிவிட்டார். 1782இல் வோகான்சோன் இறந்தபின் அவருடைய இயந்திரங்கள் பாரிஸில் ஒரு சேகரிப்பாகக் கிடந்தன. அங்கே அந்தத் தறியை ஆராய்ந்த ழோசெஃப் ஜக்கார்டு, 1804இல் துளையிட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்தார். துளை இருந்தால் கொக்கி எழும்பும், இழையும் கூடவே எழும்பும். இல்லாவிட்டால் கிடந்த இடத்தில் கிடக்கும். தறியருகே நின்று கயிறிழுத்துக்கொண்டிருந்த பையனுக்கு வேலை போயிற்று. காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி இந்த வம்சத்தில் வந்ததுதான்.

கணக்குப்போடும் இயந்திரத்துக்கு இதே அட்டைகளை எடுத்துக்கொள்ள நினைத்தவர் சார்ல்ஸ் பாபேஜ். அவரையும் ஒரு பொம்மை பிடித்துவைத்திருந்தது. சின்ன வயதில் அம்மா லண்டனில் மெர்லின் என்பவரின் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். மெர்லின் சாமானியப்பட்டவர் அல்ல. சக்கரம் வைத்த காலணி போட்டுக்கொண்டு, வயலின் வாசித்தபடியே ஒரு விருந்துக்குள் உருண்டுபோய், நிற்கத் தெரியாமல் விலையுயர்ந்த நிலைக்கண்ணாடியில் மோதி நொறுக்கினார் என்று சொல்லப்படுபவர். அவருடைய மாடியறையில் ஓரடி உயர வெள்ளி நடனக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் கையிலிருந்த பறவை வாலாட்டி, சிறகடித்து, அலகு திறந்தது. பையன் மயங்கிப்போனான்.

1834இல் அதே பொம்மையை 35 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்து, பழுதுபார்த்து, உடைகூட உடுத்தித் தன் வரவேற்பறையில் வைத்தார் பாபேஜ். பக்கத்து அறையில் அவருடைய முந்தைய கணக்கு இயந்திரமான வித்தியாச இயந்திரத்தின் ஒரு பகுதி நின்றது. கடைசிவரை முடியாமலே போன அந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் கொட்டியது 17,000 பவுண்டுக்கு மேல். விருந்துக்கு வந்த ஆங்கிலேயர்கள் நடனக்காரியைச் சுற்றி மொய்த்தார்கள். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு ஹாலந்துக்காரரும் ஓர் அமெரிக்கரும் மட்டுமே. இந்த வருத்தத்தை அவர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்; நடனக்காரியை அங்கிருந்து அகற்றியதாக எழுதவில்லை.