‘பழகிடும்’ என்கிற பொய்

தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு ஒரு நீளமான பெயர் உண்டு: புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம். இந்தப் பெயரைப் போட்டவர் யாராக இருந்தாலும், தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பழனி போகிற சாலை ஒன்றில், ஆட்டிசம் உள்ள குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றிருக்க மாட்டார். நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் குழந்தைக்குப் புற உலகம் இல்லாமல் போகவில்லை. ஏர் ஹாரன், உறுமி, மைக்செட், பக்கத்து டீக்கடை மிக்ஸி எல்லாமே ஒரே நேரத்தில், ஒரே பலத்தோடு உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே சத்தத்துக்கு நடுங்கிய குழந்தைகள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பாததால் காது கேட்கவில்லையோ என்று சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளும் அதே கட்டுரையில் இருக்கிறார்கள். இருந்தும், புலன் உணர்வு கூடுவதையும் குறைவதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு சேர்த்துக்கொண்டது 2013இல்தான். 70 வருடம்.

இந்தப் பிள்ளைகளின் காதைச் சோதித்தால் பெரும்பாலும் நார்மல் என்றுதான் வரும். சிக்கல், கேட்ட பிறகு நடப்பதில். தலைக்கு மேலே ஃபேன் சுற்றுவதை நம் மூளை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுகிறது. கூட்டத்தில் எதிரே இருப்பவர் குரலை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த இரண்டு வேலையும் தானாக நடப்பதில்லை. 2015இல் ஷுலமைட் கிரீனும் அவர் குழுவினரும் லாஸ் ஏஞ்சலிஸில் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு இன்னும் கறாராகச் சொன்னது. புலன் மிகையுணர்வு உள்ள ஆட்டிசச் சிறார்களின் மூளையில், பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா, அதே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தபோதும் மற்றவர்களுக்கு அடங்குவதுபோல அடங்கவில்லை. அதாவது, பழகவில்லை.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொப்பம்பட்டிப் பக்கம் நோம்பி வந்தால் மூன்று நாள் கம்பத்தில் குழாய் கட்டுவார்கள். தரைக்காடு, மறைக்க மலை கிடையாது, ராத்திரியில் சத்தம் அடுத்த ஊர் வரை போகும். என் அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. அந்த மூன்று நாளும் அவனுக்குச் சோறு இறங்காது. உள்ரூமில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெடி போட்டால் தன் கையைத் தானே கடித்துக்கொள்வான். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: “விடுங்க தம்பி, நாலு நோம்பி பாத்தா பழகிடும்.”

பழகாதுங்க. பதினான்கு வருடம் பழகாதது பதினைந்தாவது வருடம் பழகாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. டெசிபல் கணக்கு நம் சந்தைக் கணக்கு மாதிரி இல்லை. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. தெருமுனை பாக்ஸிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு 95 வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது பகல் வரம்பைவிடப் பத்தாயிரம் மடங்கு. “கொஞ்சம் சத்தமா வெச்சுட்டாங்க” என்று நாம் பேசிக்கொள்வது இதைத்தான். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலில் வைத்து, ஊர் வாழ்க்கையில் எல்லாரோடும் சமமாகப் பங்கெடுக்கும் உரிமை பற்றிப் பேசுகிறது. இரண்டு சட்டமும் புத்தகத்தில் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி தெரபிக்குப் போவது மட்டும் பையன்.

“நல்ல ஹெட்ஃபோன் வாங்கிக் குடுங்க” என்பார்கள் நம் ஐடி நண்பர்கள். சத்தத்தைக் கழிக்கிற அந்த ஹெட்ஃபோன்கள், விமான இன்ஜின் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியில் நன்றாக வேலை செய்யும். திடீரென்று வெடிக்கிற அதிர்வேட்டுக்கு முன்னால் திணறும். நல்லது ஒன்றின் விலை, தோட்ட வேலைக்குப் போகிறவரின் ஒரு மாதக் கூலியைத் தாண்டும். அவர் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம், ஓட்டு வீட்டில், சாத்துவதற்குச் சரியான ஜன்னல்கூட இல்லாமல்.

இதனால்தான், ‘அமைதி கேட்பது மேட்டுக்குடிப் பழக்கம், மைக்செட் எளிய மக்களின் கொண்டாட்டம்’ என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. அதில் பாதி உண்மை உண்டு. கோயிலுக்குள் நுழையவே விடாத காலத்தில் வெளியே நின்றவர்களுக்கும் பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தது குழாய்தான். ஆனால் இன்றைக்குச் சத்தத்திலிருந்து தப்பிக்கிறவர் ஏசி ரூமும் காரும் உள்ளவர். மாட்டிக்கொள்கிறவர் எளியவர்.

பக்தியைச் சொல்லி வருகிறவர்களுக்கும் ஒன்று. அருணகிரிநாதருக்கு முருகன் உபதேசித்தது பேச்சொழிந்து இருப்பதை. அந்த முருகன் மலைக்கு நடந்து போகிற வழியில் எத்தனை வாட்ஸ் பாக்ஸ் வைக்கலாம் என்று நமக்குள் போட்டி நடக்கிறது.

நோம்பியை நிறுத்தச் சொல்லவில்லை. கம்பத்தின் உச்சியில் ஒரு பெரிய குழாய்க்குப் பதிலாக, கூட்டம் நிற்கிற இடத்திலேயே சின்ன ஸ்பீக்கர்களாகப் பிரித்து, தாழ்வாக வைக்கலாம். கோயில் முன்னால் நிற்பவருக்குப் பாட்டு குறையாது. எட்டுத் தெரு தாண்டி இருப்பவருக்குச் சத்தம் குறையும். வெடி எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே சொல்லலாம். எதிர்பாராமல் வருகிற சத்தம்தான் இந்தப் பிள்ளைகளை அதிகம் உடைக்கிறது. நேரம் தெரிந்தால் அந்த வீட்டார் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். ஏர் ஹாரன் வைத்த பஸ்ஸை நிறுத்த மோட்டார் வாகன விதி ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டனில் மாரிசன்ஸ் சூப்பர் மார்க்கெட் 2018இலிருந்து வாரத்தில் ஒரு மணி நேரம் பாட்டை அணைத்து, பில் போடும் மெஷின் சத்தத்தைக் குறைத்தது. வியாபாரம் செய்கிறவனுக்கு முடிந்தது ஊர்க் கமிட்டிக்கு முடியாதா?

நோம்பிக்கு முன்னால் வரி போட ஊர்க் கூட்டம் கூடும். பந்தலுக்கு இவ்வளவு, கரகத்துக்கு இவ்வளவு, சவுண்ட் சர்வீஸுக்கு இவ்வளவு என்று கணக்கு வாசிப்பார்கள். சவுண்ட் சர்வீஸ் என்ற வரி வரும்போது யாராவது ஒருவர் எழுந்து, “எவ்வளவு சத்தம், எத்தனை மணி வரைக்கும்?” என்று கேட்க வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவே கேட்கட்டும் என்று மற்றவர்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது. அவள் ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டாள். வரி அவள் வீட்டிலும்தான் வாங்குகிறோம்.