வேலைக்கு உதவாத அனுமதிச் சீட்டு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு ஓட்டுநர் வேலை தேடிச் செல்லும் நம் இளைஞர் பலர், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் இறங்கிய மறுநாளே வண்டியில் ஏறிவிடலாம் என்று எண்ணுகின்றனர். இவ்வெண்ணத்தை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தரகர்களே. சட்டம் அவ்வாறு கூறவில்லை.

அச்சீட்டு தனி உரிமம் அன்று. ஒருவர் தம் நாட்டில் பெற்ற உரிமத்தைப் பிற நாட்டு அதிகாரிகள் படித்தறியும் வண்ணம் பல மொழிகளில் எடுத்துரைக்கும் ஆவணம் அது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி இந்தியாவில் அளிக்கப்படுகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ரூ.1,000 கட்டணத்தில் வழங்குகிறது. ஓராண்டுக்கு மேல் செல்லாது. மூல உரிமத்தையும் உடன் வைத்திருத்தல் வேண்டும்.

உறவினரைக் காணவோ சுற்றுலாவுக்கோ செல்பவருக்கு இது பெரிதும் பயன்படும். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு விசா பெற்றவர், அந்நாட்டு உரிமம் இன்றி வாகனம் ஓட்ட இயலாது. சில நாடுகளின் உரிமங்களை அமீரகம் தேர்வின்றியே மாற்றித் தருகிறது. அப்பட்டியலில் இந்தியா இல்லை. எனவே மும்பை நெரிசலில் இருபது ஆண்டுகள் டாக்சி ஓட்டியவரும், சாலையின் வலப்புறம் செல்லப் புதிதாகப் பழகித் தேர்வில் தேறியாக வேண்டும். பயிற்சிக்கும் தேர்வுக்கும் பல ஆயிரம் திர்ஹாம் செலவாகும்.

வங்கியில் பணிபுரிவோர் இதன் மறுபக்கத்தை அறிவோம். பயணச் செலவுக்காகத் தாயின் வளையலும் மனைவியின் சங்கிலியும் அடகுக்கு வருகின்றன. நகைக்கடன் வட்டி அன்றே ஓடத் தொடங்கிவிடும். ஓட்டுநர் சம்பளமோ உள்ளூர் உரிமம் கிடைக்கும் வரை நிச்சயமில்லை. கடனைத் திருப்பிச் செலுத்தும் கணக்கை அந்த இடைவெளியையும் சேர்த்தே போட வேண்டும். சேர்த்துப் போடுவோர் மிகச் சிலரே.

2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டு, இச்சீட்டுக்கு விண்ணப்பிக்க விசாவும் மருத்துவச் சான்றும் தேவையில்லை என்றாயிற்று. வரவேற்கத்தக்க எளிமைதான். ஆயினும், விண்ணப்பிப்பவர் சுற்றுலாவுக்குச் செல்கிறாரா, வேலைக்குச் செல்கிறாரா என்று அலுவலர் அறியும் வாய்ப்பும் அதனோடு குறைந்தது. 2022இல் நாடெங்கும் ஒரே வடிவில் சீட்டு வழங்க ஏற்பாடு செய்த அரசுக்கு, ‘வெளிநாட்டில் வேலை செய்ய இது உரிமம் ஆகாது’ என்ற ஒரு வரியை, விண்ணப்பதாரர் அறிந்த மொழியில் அச்சிட்டு உடன் அளிப்பது அரிய செயலன்று. மும்பையில் மராத்தி, இந்தியோடு தமிழிலும் அது இருத்தல் வேண்டும்.

அதுவரை நாமே கேட்டுத் தெளிவதே வழி. ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் காணலாம். பயிற்சி, தேர்வுக் கட்டணங்களை முதலாளி ஏற்பாரா, முதல் தேர்வில் தவறினால் அம்மாதச் சம்பளம் உண்டா என்னும் இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத்தாகப் பெற்ற பின்னரே நகையை எடுத்துக்கொண்டு வங்கிக்கு வாருங்கள்.