தவறிய பந்துக்கு யார் ஓடுகிறார்?

வாலிபர் ஐக்கியத்தின் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது நாம் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கிறோம். பத்து முறை எறியச் சொல்கிறோம். ஏழு போட்டவர் உள்ளே, மூன்று போட்டவர் வெளியே. போன வருஷம் அப்படி வெளியே நின்ற இரண்டு தம்பிகள் இப்போது சனிக்கிழமை பயிற்சிக்கே வருவதில்லை. ஐக்கியக் கூட்டத்துக்கும் வருவது குறைந்துவிட்டது. இந்த முறை சரியில்லை என்பது எங்கள் எண்ணம்.

2010 ஜூன் 17 அன்று நடந்த என்பிஏ இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம் மூத்த அண்ணன்மாருக்கு ஞாபகமிருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் வியாழன் மாலை, நமக்கு வெள்ளி விடியற்காலை. அப்போது அமீரகத்தில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஆராதனையும் அன்றுதான். விடிய விடியப் பார்த்துவிட்டு ஆலயத்துக்கு வந்து பிரசங்கத்தில் தூங்கியவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை.

அன்று லேக்கர்ஸ் அணி 83 முறை எறிந்து 27 மட்டுமே போட்டது; 32.5 சதவீதம். கோபி பிரையன்ட் 24 முறை எறிந்தார், விழுந்தது 6. எதிரணியான பாஸ்டன் செல்டிக்ஸ் 71-க்கு 29 போட்டது. ஏறக்குறைய 41 சதவீதம். நம் தேர்வு முறைப்படி கோப்பை பாஸ்டனுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் 83-79 என்று ஜெயித்தது லேக்கர்ஸ்.

எப்படி? தங்கள் கை தவறவிட்ட பந்துகளில் 23-ஐ லேக்கர்ஸ் திரும்பப் பிடித்தார்கள். பாஸ்டன் பிடித்தது 8. அதனால்தான் 12 முறை கூடுதலாக எறிய முடிந்தது. கூடைக்கு அருகே முட்டி மோதி 37 ஃப்ரீ த்ரோ வாங்கி 25 போட்டார்கள். பாஸ்டனுக்குக் கிடைத்ததே 17, போட்டது 15. கள எறிதலில் பாஸ்டன் 6 புள்ளி முன்னால், ஃப்ரீ த்ரோவில் லேக்கர்ஸ் 10 முன்னால். வித்தியாசம் அந்த நான்குதான். குறி தப்பிக்கொண்டே இருந்த அதே பிரையன்ட் 15 ரீபவுண்டு எடுத்தார், பாவ் கசோல் 18.

எறிதல் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. டீன் ஆலிவர் 2004-இல் வெளியிட்ட புத்தகத்தில் வெற்றிக்கு நான்கு காரணங்களைக் கணக்கிட்டு, எறிதலுக்குத்தான் முதலிடம் தந்தார். சுமார் 40 சதவீதம். மீதி, பந்தைப் பறிகொடுக்காமல் இருப்பது, ரீபவுண்டு, ஃப்ரீ த்ரோ. அந்த மீதியை நாம் எண்ணுவதே இல்லை.

செப்டம்பர் மாதத்துப் புழுக்கத்தில் திறந்தவெளி மைதானத்தில் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பத்தாவது நிமிஷத்தில் உள்ளங்கை வியர்த்து, ஏழு போட்டவரும் மூன்றுதான் போடுவார். அப்போது தவறிய பந்துக்கு ஓடுகிறவர் பெஞ்சில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்!

1891-இல் ஒய்எம்சிஏ ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டை உண்டாக்கியபோது முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. ஆடிய பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் ஒன்றும் போடவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குத் திரும்பும் காரில் "எத்தனை கூடை போட்டே?" என்பதோடு, "எத்தனை பந்து பிடிச்சே?" என்றும் கேளுங்கள்.

இந்த முறை மூன்று வாரம் ஆட விட்டு, ஓர் அக்காவையோ அண்ணனையோ நோட்டோடு உட்காரவைத்து, ரீபவுண்டு, பறித்த பந்து, பறிகொடுத்த பந்து எல்லாவற்றையும் எழுதிய பிறகு அணியைத் தேர்ந்தெடுப்போம். தங்கைகள் அணிக்கும் அப்படியே. வராமல் நின்ற இரண்டு தம்பிகளுக்கும் இந்த வாரமே போன் செய்கிறோம்.