பூச்சாண்டி யார் கையில்?

"அழாதே! அழுதால் அந்த டாக்டர் பெரிய ஊசியாகப் போட்டுவிடுவார்."

குழந்தைகள் பிரிவின் வாசலில் இந்த வாக்கியம் எங்கள் காதில் விழாத நாளில்லை. சொல்பவர் பெரும்பாலும் தாயாகவோ பாட்டியாகவோ இருப்பார். இரவெல்லாம் குழந்தையின் காய்ச்சலோடு போராடிவிட்டு, விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வந்த களைப்பு அவர் குரலில் தெரியும். அவரைக் குறை கூற எங்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்த நொடி முதல் அக்குழந்தைக்கு மருத்துவரே பூச்சாண்டி. வயிற்றுவலியென்று வந்த குழந்தை அச்சத்தில் வயிற்றை இறுக்கிக்கொண்டால், அந்த இறுக்கம் நோயினால் வந்ததா பயத்தினால் வந்ததா என்று தொட்டறிவது எளிதன்று. அச்சத்தின் விலையை அங்கே குழந்தைதான் கொடுக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. அக்டோபர் மாத இறுதியில் ஹாலோவீன் என்ற பெயரில் பேய் வேடமிட்டு வரச் சொல்லும் பள்ளிகள் நம் ஊர்ப்பக்கத்திலும் வந்துவிட்டன. படுக்கையில் இருப்பதால் அதைத் தவறவிடும் பிள்ளைகள் ஏங்குகிறார்கள். "வார்டில் வேடம் போடலாமா?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். "மருத்துவமனையில் பேயா, அபசகுனம்!" என்று வேறு சிலர் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் கருத்து இதுதான்: வேடம் போடலாம். ஆனால் அச்சுறுத்தும் உருவம் குழந்தையின் கையில் இருக்க வேண்டும். பெரியவர் கையில் அன்று.

இதனை அயல்நாட்டு வழக்கம் என்று ஒதுக்குவோர்க்கு ஒரு சொல். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் குடியேறியபின் அதன் இடத்தைப் பரங்கிக்காய் பிடித்துக்கொண்டது. நாமோ புதுவீட்டு வாசலில் கல்யாணப் பூசணிக்காயில் கோரைப்பல்லும் பிதுங்கிய விழியும் வரைந்து கட்டித் தொங்கவிடுகிறோம். (ஆயுதபூசையன்று அதையே நடுச்சாலையில் உடைத்து, இருசக்கர வண்டிகளைச் சறுக்கவிடும் வழக்கத்தை மட்டும் எலும்பு முறிவுப் பிரிவின் சார்பில் நாங்கள் ஆட்சேபிக்கிறோம்.) பெரிய கோயிலுக்குச் சென்றவர்கள், கதாயுதம் தாங்கிக் கோரைப்பற்களோடு நிற்கும் துவாரபாலகரைக் கண்டிருப்பீர்கள். அவர் உருட்டி விழிப்பது நம்மை விரட்டுவதற்கா? உள்ளே வரக்கூடாததை விரட்டுவதற்கல்லவா! அச்சமூட்டும் முகத்தை நம் பக்கம் சேர்த்துக்கொள்வது இம்மண்ணின் பழைய உத்தி.

வீடு வீடாக வேடமிட்டுச் செல்வதும் நமக்குப் புதிதன்று. திருச்செந்தூருக்கு அருகிலுள்ள குலசேகரன்பட்டினத்தில், முத்தாரம்மன் கோயில் தசராவுக்காக மக்கள் காளியாக, அரசனாக, குரங்காக, பிச்சைக்காரனாக வேடம் பூண்டு, ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெற்றுக் கோயிலில் சேர்க்கிறார்கள். அவர்களில் நோய் தீர வேண்டும் என்றும், தீர்ந்தது என்றும் நேர்ந்துகொண்டு வேடமிடுபவர் பலர். நோய்க்கும் வேடத்துக்கும் உள்ள உறவு அங்கே வெளிப்படையானது.

நம் மாவட்டத்திலேயே, மெலட்டூரில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வரதராசப் பெருமாள் கோயில் முன்பு பாகவத மேளா நடைபெறுகிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம் இரவெல்லாம் ஆடப்படும். நரசிம்மர் முகமூடி வழிபாட்டுக்குரியது. அதை அணிபவர் அன்று உபவாசம் இருப்பார். முகமூடி ஏறியபின் ஆவேசம் மிகுந்து, அவரைச் சிலர் பற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். பெரியவர்களே நடுங்கும் காட்சி அது. ஆனால் கதையை நினைவுகூருங்கள். அந்தச் சிங்கமுகத்தைக் கண்டு அஞ்சாதவன் சிறுவன் பிரகலாதன் ஒருவனே. அவனை மிரட்டுவதற்காக வந்த உருவமன்று அது. அவன் சொல்லுக்காக வந்த உருவம்.

எனவே, வார்டில் என்ன செய்யலாம்?

நடக்க இயலாத பிள்ளைக்குச் சக்கர நாற்காலி இருக்கிறதே, அதைவிடப் பொருத்தமான பொய்க்கால் குதிரை ஏது! அட்டைப்பெட்டியில் குதிரைத்தலை வெட்டி முன்னால் கட்டுங்கள்; பழைய பட்டுப்பாவாடையை இருபுறமும் தொங்கவிடுங்கள்; துணி சக்கரக் கம்பிகளில் சிக்காதபடி ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். தஞ்சையின் கலை தஞ்சையின் குழந்தைக்கே உதவட்டும். சலைன் ஸ்டாண்டைச் சூலமாக்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதை மட்டும் அசைக்காதீர்கள். பக்கத்தில் காகிதச் சூலம் ஒன்றைச் சார்த்தி வையுங்கள்.

கையில் ஊசிக்குழாய் பொருத்தியிருக்கும் குழந்தைக்கு நிழற்கூத்து ஏற்றது. மராத்தியர் காலத்தோடு தஞ்சைக்கு வந்ததாகச் சொல்லப்படும் தோற்பாவைக் கூத்துக்குத் திரையும் விளக்கும் வேண்டியிருந்தன. உங்களுக்கு வெள்ளைச் சுவரும் கைப்பேசி விளக்கும் போதும். மற்றொரு கையாலேயே கொம்புள்ள பூதத்தை உண்டாக்கலாம். விளக்கை அணைத்து அதை ஒழிக்கவும் செய்யலாம். அந்த ஒழிக்கும் அதிகாரம் குழந்தைக்குப் பெரிது. பழைய கல்யாணப் பத்திரிகைகளில் முகமூடி வெட்டலாம். கண்ணைச் சுற்றி மட்டும் மறைக்கும் அளவே போதும். இளைப்பு உள்ள குழந்தையின் மூக்கும் வாயும் ஒருபோதும் மூடப்படலாகாது.

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது டாக்டர் வேடம். ஐரோப்பாவின் பல நாடுகளில் மருத்துவ மாணவர்கள் பொம்மைகளுக்கென்று விளையாட்டு மருத்துவமனை நடத்துகிறார்கள். குழந்தைகள் தங்கள் கரடிப் பொம்மையை நோயாளியாக அழைத்து வந்து, சோதனையையும் சிகிச்சையையும் அருகிருந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைக் கொண்டுவரட்டும். அப்பாவின் வெள்ளைச் சட்டையை அணிந்து அதற்கு நாடி பார்க்கட்டும். எந்த மருந்துக்கும் மறுக்காமல் தலையாட்டும் நோயாளியை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் அகல், கற்பூரம், மத்தாப்பு எதுவும் கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன் முகச்சாயமும் உதட்டுச்சாயமும் வேண்டாம். மயக்க மருத்துவர் தோலின், உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடர்ந்த நகச்சாயம் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கருவியைக் குழப்பக்கூடும். வைக்கோல் அடைத்த சோளக்கொல்லைப் பொம்மை அழகுதான். ஆனால் வைக்கோலில் பூஞ்சை இருக்கும். புற்றுநோய் மருந்து பெறும் குழந்தைக்கும் இளைப்பு உள்ளவருக்கும் அருகில் அது வேண்டாம். பழைய துணி அடைத்துச் செய்யுங்கள். மின்னும் பொம்மைகளில் உள்ள பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே கையில் கொடுங்கள். பக்கத்துப் படுக்கைப் பிள்ளைக்கு இனிப்பு நீட்டுமுன் செவிலியரைக் கேளுங்கள். அப்பிள்ளை சர்க்கரை நோயாளியாக இருக்கலாம். மறுநாள் அறுவைக்கு வயிற்றைக் காலியாக வைத்திருக்கலாம். போலி இரத்தம் பூசும் வேடத்தை எந்நாளும் அனுமதியோம். விபத்தில் அடிபட்டு வந்தவரும் இதே தாழ்வாரத்தில்தான் படுத்திருக்கிறார்.

முதியோர் பிரிவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் எந்த வேடமும் செல்லலாகாது. கடுங்காய்ச்சலிலும் அறுவைக்குப் பின்னும் மனம் குழம்பியிருக்கும் முதியவர், இல்லாத உருவங்களையே காண்பதுண்டு. அவர் முன் உண்மையாகவே ஓர் உருவம் நின்றால் என்னாவது!

இன்னும் நுட்பமான ஒன்று. நம் ஊர்களில் பேய் எல்லோருக்கும் விளையாட்டன்று. வலிப்பு வந்த பிள்ளையைக் காத்துக்கருப்பு அடித்தது என்று சொல்லி, மந்திரிக்க அழைத்துச் சென்று, மாதங்களை இழந்தபின் இங்கே வரும் குடும்பங்கள் உண்டு. வலிப்பு மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் கோளாறு. பெரும்பாலோருக்கு மாத்திரையால் கட்டுப்படும். அத்தகைய பிள்ளையை விளையாட்டுக்கும் "பேய்" என்று அழைக்காதீர்கள். அப்பிள்ளை ராஜாவாக, போலீஸாக, பொய்க்கால் குதிரையாக இருக்கட்டும். விட்டு விட்டு மின்னும் விளக்குகளும் அப்படுக்கையருகே வேண்டாம். சிலருக்கு அவையே வலிப்பைத் தூண்டும்.

வேடத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையாக இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதற்கு உண்டு. பிற்பகல் மருந்துக்கும் மாலை நேரச் சுற்றுக்கும் இடைப்பட்ட நேரம் இதற்கு ஏற்றது. வார்டுச் செவிலியரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். ஊசி போட வேண்டிய நேரம் வந்தால், பூச்சாண்டியை அழைக்காமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கொஞ்சம் வலிக்கும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். நான் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பேன்."