எம்1 அரியரும் அஞ்சாம் கிளாஸ் பையனும்

எம்1-ல அரியர் வெச்சுட்டு எம்3 கிளாஸ்ல உக்காந்திருக்கீங்களா? போர்டுல என்ன ஓடுதுன்னே புரியாது. ஆனாலும் தலையாட்டுவோம். நமக்காவது அடுத்த செமஸ்டர்ல அரியர் எக்ஸாம் இருக்கு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமலே அஞ்சாம் கிளாஸுக்கு வந்துட்ட ஒரு பையனை நினைச்சுப் பாருங்க. எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ். அவனுக்கு அரியர் எக்ஸாமே கிடையாது.

குடியாத்தத்துல எங்க தெருவுல அப்படி ஒருத்தன் இருக்கான். வீட்டுல பேசறது தெலுங்கு. அம்மா ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குக் காலையில கிளம்பினா, இருட்டினப்புறம்தான் வருவாங்க. போன லீவுல அவன்கிட்ட ரெண்டாம் கிளாஸ் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். 'கொடி'யை 'கெரடி'ன்னு படிச்சான்.

சிரிக்காதீங்க. அவன் தப்புல ஒரு கணக்கு இருக்கு. 'கொ'வில் முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால். அந்தக் கால் பார்க்க 'ர' மாதிரியே இருக்கு. அவன் கண்ணுக்குத் தெரிஞ்சதை வரிசையாப் படிச்சிருக்கான். அவன் மக்கு இல்லை. அவன் மாட்டிக்கிட்ட இடத்தை யாரும் கவனிக்கல, அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான்: படிக்கத் திணறும் குழந்தைக்கு அதன் வகுப்புப் பாடத்தை மறுபடி மறுபடி நடத்திப் பயனில்லை. அது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இது புதுசா நான் கண்டுபிடிச்சதில்லை. 'பிரதம்' அமைப்பு பல வருஷமா இதைத்தான் செய்யுது. எழுத்து, சொல், பத்தி, கதை, இதில் எதுவரை படிக்க முடியுதுன்னு முதலில் பார்ப்பாங்க. அஞ்சு நிமிஷம் போதும். அப்புறம் வகுப்பை மறந்துட்டு, நிலையை வெச்சுக் குழு பிரிச்சுச் சொல்லிக்கொடுப்பாங்க. 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இந்த முறையைச் சோதித்து, பலன் இருப்பதைக் காட்டியிருக்காங்க. நம்ம அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் வரும் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகளும் இதே யோசனைதான்.

அடுத்தது, 247 எழுத்துச் சார்ட். அதை முழுசா மனப்பாடம் பண்ணினாத்தான் வாசிக்க முடியும்னு ஒரு பயம் இருக்கு. தேவையில்லை. ட, ப, ம மூணும் ஒரு புள்ளியும் தெரிஞ்சாலே படம், மடம், பட்டம் வந்துடும். முதல் நாளே ஒரு முழுச் சொல்லைப் படிச்ச சந்தோஷம் கிடைக்கும். 1990-களில் அறிவொளி இயக்கமும் அரிச்சுவடி வரிசையை விட்டுட்டு, 'பட்டா' மாதிரி பெரியவங்க வாழ்க்கையில் புழங்கும் சொற்களில் இருந்துதான் தொடங்கியது. நிதானமா நிற்க வேண்டிய இடங்கள் வேற: எழுத்துக்கு முன்னாடி வரும் கொம்புகள், கு, சு, டு, து-ன்னு ஆளுக்கொரு வடிவம் எடுக்கும் உகரம்.

மூணு மாசம் ஆகியும் நகரலைன்னா, கண், காது பரிசோதனை செய்யணும். டிஸ்லெக்சியாவா இருக்கலாம். அதை நாம முடிவு பண்ணக் கூடாது, நிபுணர்கிட்ட அனுப்பணும்.

"இதெல்லாம் டீச்சர் வேலைதானே"ன்னு கேப்பீங்க. சரிதான். ஆனா ரெண்டு மூணு வகுப்பை ஒரே அறையில் வெச்சுக்கிட்டு, சிலபஸையும் முடிக்கணும்னா, ஒரு டீச்சரால ஒரு பையன் பக்கத்துல எவ்வளவு நேரம் உக்கார முடியும்? கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தன்னார்வலர்கள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வரை சொல்லிக்கொடுத்தாங்க. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்த ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது. சொல்லிக்கொடுத்தவங்க பெரிய நிபுணர்கள் இல்லை. தொடக்க வகுப்புக்குப் பிளஸ் டூ முடிச்சிருந்தாலே போதும்.

அந்தத் தகுதி நம்ம எல்லாருக்கும் இருக்கு.

1954-இல் முதல்வர் காமராஜரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது எங்க குடியாத்தம். சோறு போட்டு நம்ம தாத்தா பாட்டி தலைமுறையைப் பள்ளிக்கு வரவெச்சவர் அவர். இன்னைக்குப் பிள்ளைங்க வந்துட்டாங்க. வாசிக்கத் தெரியாம வெளியே போறதுதான் இப்போ பிரச்சினை.

எங்க தெருப் பையன் இன்னும் முழுக் கதை படிக்கல. ஆனா லீவு முடியற வாரம், பஸ் போர்டைப் பார்த்து "பே...ர...ணாம்...பட்டு"ன்னு அவனே படிச்சான். தினமும் அரை மணி நேரம்தான் உக்காந்தோம். நாம ரீல்ஸ் பார்க்கிற நேரத்தைவிடக் கம்மி. இந்த செமஸ்டர் லீவுல உங்க தெருவுல ஒரே ஒரு பிள்ளை கூட உக்காந்து பாருங்களேன்.